நேத்து நெத்திலி மேல கால வெச்சிட்டேன் (மீன் இல்லபா, பூனை)

தண்டார்பேட்டைக்காரன் | செவ்வாய், காலை 10.15

எல்லாருக்கும் வணக்கம். எடது கணுக்கால் பன்னு மாதிரி வீங்கிக் கெடக்குது. ரெண்டு நாள் லீவு. அதான் எழுத நேரம் கெடச்சுது.

எங்க வீடு மாடி போர்ஷன். ஒரு ஹால், ஒரு கிச்சன், அவ்ளோதான். தண்ணி கீழ அடி பம்புல. காலையில அஞ்சரைக்கு எழுந்து ஆறு குடம் மேல ஏத்தணும். தோள்ல ஒண்ணு, கையில ஒண்ணு. படிக்கட்டு ஒரு ஆள் ஏறுற அகலம், அதுலயும் பாதியை ஹவுஸ் ஓனரோட செருப்பு ஸ்டாண்டு புடிச்சிகினு இருக்கும்.

நெத்திலின்றது நம்ம வீட்டுப் பூனை. வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு மூணும் கலந்த பையன். மழை நாள்ல மீட்டர் பொட்டிக்குக் கீழ நெத்திலி சைசுல கெடந்தான், அதான் பேரு. நேத்து நான் ரெண்டு குடத்தோட பத்தாவது படி ஏறும்போது மேலேந்து எறங்கி வந்தான். சரி, ஓரமா போவான்னு நானும் ஓரம் ஒதுங்குனேன். அவனும் அதே ஓரம். இந்தப் பக்கம் வந்தேன், இந்தப் பக்கம் வந்தான். கல்யாண வீட்டு வாசல்ல ரெண்டு பேர் "நீங்க போங்க, நீங்க போங்க"ன்னு முட்டிக்குவாங்களே, அப்படி. அப்புறம் என் ரெண்டு காலுக்கும் நடுவுல வந்து வாலைத் தூக்கிகினு நின்னுட்டான். நான் கால வெச்ச எடத்துல படி இல்ல, பூனை இருந்துச்சு.

கையில இருந்த குடம் மொதல்ல போச்சு, தோள்ல இருந்தது ரெண்டாவது, நான் மூணாவது. தண்ணி நேரா ஓனர் வீட்டு வாசல்ல காயப் போட்டிருந்த வடகத்துல போய் சேர்ந்துச்சு. கால் வலியை விட அதுதான் இப்ப பெரிய பிரச்சனையா ஓடிகினு இருக்கு.

நெத்திலிக்கு ஒண்ணும் ஆவல போல. அஞ்சாவது படியில குந்திகினு மொகம் கழுவிகினு இருந்தான்.

என் கேள்வி ஒண்ணுதான். உங்க வீட்டுப் பூனையும் இப்படிக் காலுக்குள்ள காலுக்குள்ள வருதா? தெரியாம வருதா, தெரிஞ்சே வருதா? எங்கம்மா தெரிஞ்சேதான்றாங்க.

---

காசிமேட்டு அக்கா | காலை 10.50

தம்பி, கால்ல எண்ணெய் தேச்சு வெந்நி ஒத்தடம்லாம் இன்னைக்கே குடுக்காத. மொதல் நாளு ஐஸு. எங்க வூட்ல ஐஸுக்குப் பஞ்சமில்ல, வேணும்னா வந்து எட்துக்கோ.

இப்ப பூனை விஷயம். எங்க வூட்ல கீற பூனைக்குப் பேரு தண்டல். ஏன்னு சொல்றேன். தண்டல்காரன் எப்படி டைமுக்கு வந்து வாசல்ல நிப்பான்? அந்த மாதிரி இது காலீல ஒரு வாட்டி, பொழுது சாய ஒரு வாட்டி வரும். வந்தா வசூல் பண்ணாம போவாது. மீதி நேரம் எவன் வூட்ல கீதுன்னே தெரியாது.

நா ஒண்ணு கவனிச்சிருக்கேன். வருஷா வருஷம் ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும், மொத்தம் 61 நாளு, மீன்பிடி தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போவாது, எல்லாம் ஹார்பர்ல கட்டிக் கெடக்கும். மத்த மாசத்துல தண்டல் என்னை ஒரு ஆளாவே மதிக்காது. ஐஸ் பொட்டி பக்கத்துல காலை நீட்டிப் படுத்துனு கெடக்கும், நாந்தான் தாண்டித் தாண்டிப் போவணும். தடைக்காலம் வந்தா கதையே வேற. நா அடுப்பாண்ட போனா அடுப்பாண்ட, கொழாயாண்ட போனா கொழாயாண்ட. ஒரு அடி எட்து வெக்க வுடாது. பொடவ கொசுவத்துக்குள்ள பூந்து வெளிய வரும். ஃபைபர் போட்டுல போறவங்க கொஞ்சம் கவலை மீனோ காரப்பொடி மீனோ கொண்டாந்தா உண்டு, இல்லன்னா எங்களுக்கே கருவாட்டுக் கொழம்புதான். அது இன்னா பண்ணும் பாவம்.

அதனால எங்கணக்கு இதான்: பூனை காலைச் சுத்துனா வயித்துக்காகச் சுத்துது. உன் நெத்திலிக்கு காலீல அஞ்சரைக்கு முன்னாடி எதுனா வெக்கிறியா? வெச்சுப் பாரு. தண்ணியெட்க்க நிம்மதியா போவலாம்.

வடகம் எவ்ளோ போச்சு?

---

பூனைவிரோதி | காலை 11.05

எனக்கு இந்த இழையில ஒண்ணுமே புரியல. எலி புடிக்கத்தான் பூனைன்னா, எலிப்பொறி இருக்கு. அது ஒரு மூலையில வெச்சா வெச்ச எடத்துல இருக்கும். பாத்ரூம் போறவனை நடுராத்திரி எந்தப் பொறியும் தொடர்ந்து வராது.

---

தண்டார்பேட்டைக்காரன் | காலை 11.20

அக்கா, ரெண்டு கிலோ அரிசி வடகம். இதைப் பத்தி இனிமே கேக்காதீங்க.

விரோதி ப்ரோ, பாத்ரூம் வரைக்கும் தொடர்ந்து வரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

---

லோக்கோ வீட்டம்மா | மதியம் 1.30

சமைச்சு முடிச்சிட்டு இப்பதான் உட்கார்ந்தேன். பெரம்பூர்ல நாங்க இருக்கறது தரைத்தளம், அதனால குடம் தூக்கற கஷ்டம் எனக்கு இல்ல. எனக்கு கோலக் கஷ்டம்.

எங்க வீட்டு கறுப்பிக்கு நான் எங்க குனிஞ்சாலும் அங்க வரணும். மார்கழி முழுக்க நான் புள்ளி வைப்பேன், அது புள்ளி மேல உட்காரும். நகர்த்தி விட்டா அடுத்த வரிசையில போய் உட்காரும். பதினைஞ்சு புள்ளி வச்ச இடத்துல பதினாலுதான் இருக்கும், பதினைஞ்சாவது அது வயித்துல ஒட்டிக்கிட்டு ஹாலுக்குப் போயிருக்கும்.

அதைவிட, கிருஷ்ண ஜெயந்தி. வாசல்லேந்து சாமி ரூம் வரைக்கும் மாவுல கிருஷ்ணர் பாதம் போடுவோம் இல்லையா. கையை மடக்கி ஒத்தி, மேல அஞ்சு விரல் வச்சு, இருபது இருபத்தஞ்சு பாதம் போட இடுப்பு ஒடிஞ்சு போகும். ரெண்டு வருஷம் முன்னாடி போட்டு முடிச்சிட்டு சீடை பொரிக்க உள்ள போனேன். திரும்பி வந்து பார்த்தா என் பாதங்களுக்குப் பக்கத்துலயே, அதே மாவுல, குட்டி குட்டியா இன்னொரு ஜோடி வரிசை. வாசல்ல ஆரம்பிச்சு சாமி ரூம் போகுது, வெண்ணெய்க் கிண்ணம் வரைக்கும் போகுது, அங்க நின்னுடுது. கிண்ணத்துல வெண்ணெய் இல்ல.

என் மாமியார் கண்ணாடி போடாம வந்து பார்த்துட்டு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. "இந்த வருஷம் நிஜமாவே வந்துட்டாண்டி"ன்னு கண்ணுல தண்ணி. நான் எதுவும் சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. அவங்க இந்தப் பக்கம்லாம் படிக்க மாட்டாங்கன்ற தைரியத்துல எழுதறேன்.

அன்னிக்கு சாயங்காலம் அந்த வெண்ணெய்க் கள்ளன் மேலதான் கால் இடறி சீடைத் தட்டோட விழப் பார்த்தேன். சீடை உருண்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும், பூனைக்கு அது அடுத்த ஒரு மணி நேரத்துக்கு விளையாட்டு.

---

மின்ட் மச்சி | மதியம் 1.45

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

---

நெறியாளர் | மதியம் 1.52

மிதிபட்ட பூனைக்கு மனுஷர் சாப்பிடற வலி மாத்திரையை அரையா ஒடிச்சுக் குடுங்கன்னு எழுதியிருந்தார், எடுத்துட்டேன். யாரும் அதைப் படிச்சிட்டுச் செய்ய வேண்டாம். கால்நடை மருத்துவம் படிக்கிறவர் ஒருத்தர் இங்க இருக்கார், அவர் வந்து சொல்லட்டும்.

---

ஊசிக்காரன் | மதியம் 3.20

வந்துட்டேன். வேப்பேரியில கால்நடை மருத்துவம் மூணாவது வருஷம். நான் இன்னும் டாக்டர் இல்ல, அதை மனசுல வெச்சுக்கங்க.

முதல்ல மாத்திரை. பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அரையோ கால் பங்கோ, கொஞ்சம் குடுத்துப் பாப்போம்ன்ற பேச்சே கிடையாது. ஒரு முழு மாத்திரை ஒரு பூனையோட உயிரை எடுக்கப் போதும். நம்ம ஈரல் அந்த மருந்தை முறிச்சு வெளிய தள்ளற வழி பூனை ஈரல்ல ரொம்பக் குறைச்சல். ரத்தம் ஆக்சிஜனைத் தூக்க முடியாம போயிடும், ஈறு பழுப்பு கலர் ஆகும், மூஞ்சி வீங்கும். மச்சி நல்ல மனசோடதான் சொல்லியிருப்பார், ஆனா வேண்டாம்.

தண்டார்பேட்டை அண்ணா, நெத்திலிக்கு ஒண்ணும் ஆகலைன்னு எழுதியிருக்கீங்க. பூனை வலியை மறைக்கும், அதனால ரெண்டு நாள் பாருங்க. ஈறு வெளுத்துப் போச்சா, வாயைத் திறந்து மூச்சு வாங்குதா, ஒண்ணுக்குப் போகுதா, வால் தூக்குதா. வாலை மிதிச்சிட்டா சில சமயம் வால் அடியில இருக்கற நரம்பு இழுபட்டுடும். அது சிறுநீர்ப்பைக்கும் போற நரம்பு. வால் தொங்கிப்போய் ஒண்ணுக்கும் போகலைன்னா காத்திருக்கவே கூடாது, நேரா வேப்பேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துடுங்க. 1903ல ஆரம்பிச்ச காலேஜ், உங்க நெத்திலி மாதிரி எத்தனையோ பார்த்திருக்கு.

இப்ப ஏன் காலுக்குள்ள வருதுன்றது. காசிமேட்டு அக்கா சொன்னது பாதி சரி. பூனை விடியக்காலையிலயும் பொழுது சாயற நேரத்துலயும்தான் சுறுசுறுப்பா இருக்கும். அக்காவோட தண்டல் வசூல் நேரமும் அதான், அண்ணன் தண்ணி எடுக்கற நேரமும் அதான். வாலைத் தூக்கிட்டு முன்னால ஓடி, நின்னு, திரும்பிப் பார்த்தா "இந்தப் பக்கம் வா, தட்டு இங்க இருக்கு"ன்னு வழி காட்டுது. அது நின்னது நமக்குத் தெரியாது, அதான் மோதறோம்.

மீதிப் பாதி வாசனை. பூனைக்குக் கன்னத்துல, நெத்தியில, வால் அடியிலன்னு வாசனைச் சுரப்பி இருக்கு. காலைச் சுத்தி உரசும்போது அதைப் பூசுது. நீங்க வெளிய போயிட்டு ஊர் வாசனையோட வர்றீங்க, அது தன் வாசனையைத் திரும்பப் பூசி "இது நம்ம ஆள்"னு ஆக்கிக்குது. வாலை நிமிர்த்தி வர்றது பூனைங்களுக்குள்ள நட்பா வணக்கம் சொல்ற மாதிரி. அம்மாகிட்ட சொல்லுங்க, கொலை முயற்சி இல்ல.

கண்ணையும் சொல்லணும். இருட்டுல நமக்குத் தேவைப்படற வெளிச்சத்துல ஆறுல ஒரு பங்கு இருந்தாலே பூனை பார்த்துடும். படிக்கட்டு அதுக்குப் பட்டப்பகல். உங்களுக்குத் தெரியலைன்ற விஷயமே அதுக்குத் தெரியாது. ஆனா மூக்குக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள இருக்கறது அதுக்கு மங்கலாத்தான் தெரியும், அங்க மீசைதான் வேலை செய்யுது. உங்க கால் ரொம்பக் கிட்ட வந்துட்டா அதுக்கும் தடுமாற்றம்தான்.

இருட்டுல நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காதீங்க. தரையோட தேய்ச்சு நகருங்க. பூனை இருந்தா இடிக்கும், மிதிபடாது.

கடைசியா, மூணு கலர்னு எழுதியிருக்கீங்க. அண்ணா, நெத்திலி பையன் இல்ல. ஆரஞ்சும் கறுப்பும் ஒரே உடம்புல வரணும்னா ரெண்டு எக்ஸ் குரோமோசோம் வேணும். மூணு கலர் பூனை கிட்டத்தட்ட எல்லாமே பொண்ணுதான். ஒரு தடவை தூக்கிப் பாருங்க.

---

தண்டார்பேட்டைக்காரன் | மதியம் 3.41

தூக்கிப் பாத்தேன்.

வீட்ல அம்மா, வீட்டுக்காரம்மா, பொண்ணு. எனக்குத் துணைக்கு ஒரு ஆம்பளை இருக்கான்னு ஒரு வருஷமா தைரியமா இருந்தேன். அதுவும் போச்சு.

ஈறு ரோஸ் கலர்ல இருக்கு, வாலும் தூக்குறா(ள்). நன்றி தம்பி.

---

காசிமேட்டு அக்கா | மாலை 4.10

ஊசிக்காரத் தம்பி, பாதி சரின்னு சொன்னியே, மிச்சப் பாதிக்கு எவ்ளோ பேசற! எங்க வூட்ல நா வெளிய போயிட்டு வந்தா மீன் வாசனையோடதான் வருவேன். அது என் காலை உரசறது வாசனை பூசவா, வாசனை புடிக்கவான்னு நீ இன்னொரு வருஷம் படிச்சுட்டு சொல்லு.

பச்ச மீன் வெக்கலாமா? எங்க ஆயா காலத்துலேந்து வெக்கிறோம்.

---

ஊசிக்காரன் | மாலை 4.25

தினமும் அதையே வைக்காதீங்க அக்கா. சில மீன்ல பச்சையா இருக்கும்போது வைட்டமின் பி1ஐ அழிக்கிற ஒரு பொருள் இருக்கு, வேக வெச்சா அது போயிடும். முள் எடுத்துட்டு, உப்பு காரம் இல்லாம வேக வெச்சுக் குடுங்க. வெங்காயம் பூண்டு போட்ட கொழம்பு மீன் வேண்டவே வேண்டாம், அது ரத்தத்தைக் கெடுக்கும்.

---

மண்ணடிப் பொண்ணு | மாலை 6.05

நோன்பு மாசத்துல எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. சஹர் சாப்பாட்டுக்கு விடியக்காலை நாலு மணிக்கு எழுந்திருப்போம். எல்லாரும் தூக்கக் கலக்கம், தம்பி கண்ணைத் திறக்காமலே நடப்பான், லைட்டு போட்டா குட்டிப்பாப்பா முழிச்சுக்கும்னு அம்மா லைட்டு போட விடமாட்டாங்க. அந்த இருட்டுல எங்க பிஸ்கோத்து மட்டும் நல்லா முழிச்சிட்டு நடமாடும். இத்தனை பேர் இந்நேரத்துல எழுந்தது தனக்காகத்தான்னு அது முடிவே பண்ணியிருக்கு. முப்பது நாளும் யாராவது ஒருத்தர் "அய்யய்யோ"ன்னு கத்துவாங்க. பக்கத்து வீட்டுக்கு அலாரமே தேவையில்ல.

அத்தா தொழும்போது இன்னும் வேடிக்கை. முசல்லாவை விரிச்சா அவர் நிக்கறதுக்கு முன்னாடி அது ஏறிடும். சஜ்தாவுக்குப் போனா நெத்தி வைக்கிற இடத்துல வயித்தைக் காட்டிப் படுத்திருக்கும். அத்தா அதை ஒரு கையால மெதுவா ஓரமா நகர்த்திட்டு சஜ்தா பண்ணுவார். எழுந்திருக்கும்போது அது திரும்ப அதே இடத்துல. எங்க யார்மேலயும் காட்டாத பொறுமையை அத்தா அது மேல காட்டுவார். நான் ரிமோட்டை மாத்தி வெச்சா அரை மணி நேரம் பேச்சு.

---

பூனைவிரோதி | மாலை 6.30

இதெல்லாம் படிச்சா பாவமாத்தான் இருக்கு. ஆனா என் பைக் சீட்டைக் கீறி வெச்சிருக்கறதை யாரும் வந்து பாக்கல. காலையில 6.10க்கு வரும், வண்டியோட பின் சக்கரத்துக்குக் கீழ படுக்கும், நான் ஆபீஸ் கெளம்பறதே லேட்டு. வெயில் காலத்துல வராது, மழை காலத்துல டேங்க் மேல. ரெண்டு முட்டை வெச்சா மஞ்சளை மட்டும் தின்னுட்டு வெள்ளையை விட்டுடும்.

---

லோக்கோ வீட்டம்மா | மாலை 6.34

முட்டை எதுக்கு வச்சீங்க சார்?

---

பூனைவிரோதி | மாலை 6.50

வண்டிக்குக் கீழேந்து வெளிய வர வைக்கத்தான்.

---

கொருக்குப்பேட்டை வாத்தியார் | இரவு 8.15

நண்பர்களுக்கு வணக்கம். ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

பூனைக்குப் பழந்தமிழில் பூசை என்றும் பெயர் உண்டு. காட்டுப் பூனையை வெருகு என்பார்கள். என் துணைவியார் மாலையில் விளக்கேற்றிக் கண்ணை மூடியதும் எங்கள் வீட்டுப் பூனை அவர் மடிக்கும் தரைக்கும் இடையில் நுழைந்துகொள்ளும். "பூசை அறைக்குள்ளே பூசை வந்துவிட்டது" என்பேன். முப்பத்தைந்து ஆண்டுத் தமிழ்ப் பணியில் எனக்குக் கிடைத்த ஒரே வீட்டுச் சிலேடை இது. துணைவியார் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.

மாமல்லபுரம் போயிருப்பீர்கள். அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் பாறைச் சிற்பத்தில் பெரிய யானைக்கு அருகே ஒரு பூனை இருக்கிறது. முன்கால்கள் இரண்டையும் தலைக்கு மேல் உயர்த்தி, பின்னங்காலில் நின்று தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி போலித் துறவியைக் கேலி செய்தான் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பேன். மாணவர்களை அழைத்துப் போனபோது நான் கவனித்தது வேறு. அந்த யானையின் காலடியில் குட்டி யானைகள் கிடக்கின்றன. பூனையோ காலடிக்கு வராமல் தனியாக நிற்கிறது. தமிழ்நாட்டிலேயே யார் காலிலும் சிக்காத ஒரே பூனை அதுதான். கல்லாக இருப்பதால் சாத்தியமாகியிருக்கிறது.

---

ராயபுரம் மருமகள் | இரவு 9.00

வாத்தியார் ஐயா, சிலேடைக்கு நான் சிரிச்சேன்.

எங்க வீட்டுல சகுனப் பிரச்சனை. மாமா ஹார்பர்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க. தெருவுல பூனை குறுக்க போச்சுன்னா திரும்பி வந்து, ஒரு சொம்பு தண்ணி குடிச்சு, அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டுதான் மறுபடி கெளம்புவாங்க. இப்படி இருந்த வீட்டுக்கு எங்க பையன் ஒரு பூனையைத் தூக்கிட்டு வந்தான்.

முதல் நாள் மாமா பேங்குக்குக் கெளம்பினாங்க. செருப்பு போடறதுக்குள்ள அது குறுக்க ரெண்டு தடவை போயிடுச்சு. உட்கார்ந்தாங்க, தண்ணி குடிச்சாங்க. எழுந்தாங்க, மறுபடி குறுக்க. நாலு சொம்பு தண்ணி குடிச்ச பிறகு பாத்ரூம் போக வேண்டி வந்துச்சு, அங்கயும் வாசல்ல குறுக்க. பேங்கு மூடிடுச்சு.

அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது மாமா தீர்ப்பு சொன்னாங்க: "வாசப்படிக்கு உள்ள நடக்கறது கணக்குல வராது." நல்ல தீர்ப்பு, எல்லாரும் ஒத்துக்கிட்டோம். ஒரு வாரம் ஓடுச்சு. அப்புறம் அந்தப் பூனை எங்க படுக்க ஆரம்பிச்சுது தெரியுமா? வாசப்படி மேலயே. தலை உள்ள, வால் வெளிய. மதில்மேல் பூனைன்னு சொல்லுவாங்க, இது படிமேல் பூனை. மாமா குனிஞ்சு பார்த்து, அத்தையைக் கூப்பிட்டுக் காட்டி, ரெண்டு பேரும் விவாதம் பண்ணி, தலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் பூனைன்னு முடிவாச்சு. இப்ப கெளம்பறதுக்கு முன்னாடி அது தலையை உள்பக்கமா திருப்பி வெச்சிட்டுப் போறாங்க. கையால. பூனையைத் தொட்டா தோஷம்னு சொன்ன மனுஷர்.

---

மின்ட் மச்சி | புதன், காலை 9.10

மாத்திரை விஷயத்துக்கு சாரி மக்களே. தெரியாம சொல்ட்டேன்.

ஒரு டவுட்டு. எங்க வீட்டுப் பூனை பால்கோவா டப்பாவைத் தொறந்தா மட்டும்தான் காலாண்ட வரும். இனிப்புன்னா உயிரு. இது நார்மலா?

---

ஊசிக்காரன் | காலை 9.40

பரவாயில்ல அண்ணா. ஆனா பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணர வைக்கிற மரபணு அதுக்கு வேலை செய்யறதில்ல. உங்க பூனை வர்றது பால்கோவாவுல இருக்கற பால் கொழுப்புக்காக. வளர்ந்த பூனை நெறைய பேருக்குப் பால் ஒத்துக்காது, வயித்தால போகும். அளவு பார்த்துக்கங்க.

---

மின்ட் மச்சி | காலை 9.44

இனிப்பு தெரியாமயா ஸ்வீட் கடை பையைப் பாத்தா ஓடி வருது? பை சத்தம் கேட்டே வருது ப்ரோ.

---

காசிமேட்டு அக்கா | காலை 9.58

சொன்னேனா இல்லியா. வயிறு.

---

தண்டார்பேட்டைக்காரன் | சனி, காலை 11.00

கால் வீக்கம் எறங்கிடுச்சு. இந்த வாரம் நடந்ததைச் சொல்லணும்.

புதன் அன்னிக்கு அக்கா சொன்ன மாதிரி அஞ்சு மணிக்கே தட்டுல சாப்பாடு வெச்சேன். சாப்ட்டா. சாப்ட்டு முடிச்சு, தெம்பா, படிக்கு வந்துட்டா. முன்னாடியாவது பசியில மெதுவா வருவா.

வியாழன், பூனைக்கு மணி கட்டலாம்னு முடிவு பண்ணோம். யாரு கட்டுறதுன்ற கேள்வியெல்லாம் எங்க வீட்ல வரல, என் பொண்ணு கட்டிட்டா. பழைய கொலுசுல இருந்த சலங்கையை எடுத்து சிவப்பு ரிப்பன்ல கோத்து. அழகாத்தான் இருந்துச்சு. பிரச்சனை இன்னான்னா, அதே கொலுசோட இன்னொரு ஜோடி என் வீட்டுக்காரம்மா கால்ல இருக்கு. அன்னிக்கு ராத்திரி கரண்ட் போச்சு. எங்க மொட்டை மாடியில நின்னா அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியும், ஆனா வீட்டுக்குள்ள என் கையே எனக்குத் தெரியல. தண்ணி குடிக்க எழுந்தேன். சலங்கைச் சத்தம் கேட்டுச்சு. பூனைதான்னு நெனச்சு "தோ, தள்ளிப் போ சனியனே"ன்னேன்.

பூனை இல்ல.

வெள்ளிக்கிழமை காலையிலேந்து எனக்கு டீ நானே போட்டுக்கறேன். மணியை அவுத்துட்டோம்.

இப்ப கடைசி வழி, ஊசிக்காரத் தம்பி சொன்ன மாதிரி காலைத் தேய்ச்சு நடக்கறது. வேலை செய்யுது. வீட்ல எல்லாரும் ஆரம்பிச்சிட்டோம்.

---

லோக்கோ வீட்டம்மா | காலை 11.25

"பூனை இல்ல"ன்ற இடத்துல சத்தமா சிரிச்சிட்டேன், குக்கர் விசில் எண்ணிக்கை விட்டுப்போச்சு. இன்னிக்கு சாதம் கொழைஞ்சா நீங்கதான் காரணம்.

---

கொருக்குப்பேட்டை வாத்தியார் | பிற்பகல் 12.10

டீயைத் தாங்களே போட்டுக்கொள்ளும்போது பூனை எங்கே இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

---

தண்டார்பேட்டைக்காரன் | பிற்பகல் 12.15

கால் மேலதான் ஐயா. கால் மேலயே. அடுப்பை விட்டு நகர முடியல.

---

தண்டார்பேட்டைக்காரன் | அடுத்த வியாழன், இரவு 9.30

கும்மிடிப்பூண்டியிலேந்து எங்க அத்தை வந்திருக்காங்க. அப்பாவோட அக்கா. ஒரு வருஷம் கழிச்சு வர்றாங்க.

ஹால்ல உக்காந்து கொஞ்ச நேரம் எங்களைப் பாத்துகினே இருந்தாங்க. அம்மா காபி எடுத்துகினு சரக் சரக்குன்னு தரையைத் தேய்ச்சுகினு வந்தாங்க. வீட்டுக்காரம்மா முறுக்குத் தட்டோட சரக் சரக். பொண்ணு ஸ்கூல் பையோட சரக் சரக். நான் கதவைச் சாத்தப் போனேன், நானும் அப்படியே. ஒருத்தர் கால் கூட தரையை விட்டுக் கெளம்பல.

அத்தை என்னைப் பக்கத்துல கூப்ட்டு, குரலை எறக்கி, "ஏண்டா, குடும்பத்துக்கே முட்டி போச்சா? தண்ணி சரியில்லையா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே"ன்னு கண் கலங்கிட்டாங்க. விஷயத்தைச் சொன்னேன். ஒரு பூனைக்காக நாலு மனுஷங்க இப்படி நடக்கறதான்னு அவங்களுக்கு வந்துச்சு பாருங்க கோவம். "எங்க வீட்ல மாடு இருக்கு, நாய் இருக்கு, ஆறு கோழி இருக்கு, நாங்க எல்லாம் ஒழுங்காத்தான் நடக்கறோம்"ன்னு சொல்லிட்டு, எப்படி நடக்கணும்னு காட்றதுக்காக எழுந்து, காலை நல்லா தூக்கி வெச்சு கிச்சன் பக்கம் போனாங்க.

காசிமேட்டு அக்கா, அன்னைக்கு ஐஸ் குடுக்கறேன்னு சொன்னீங்களே, இப்ப வந்தா கெடைக்குமா?